லங்காஸ்டர் கொல்லர்கள்

சென்ற இதழில், அமெரிக்கப் புரட்சிப் போரில் ஆங்கிலேயர் பக்கப் படையை நடத்திய பெர்குசனைக் கிங்ஸ் மலை உச்சியில் விட்டுவந்தோம். 1780 அக்டோபர் 7. கீழே புரட்சிப் பக்கத்து மலைவாசிகளான ஷெல்பியின் ஆட்களும் செவியரின் ஆட்களும் மரங்களின் மறைவில் மலையை வளைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்ட சண்டை அது. அதற்குள் போகுமுன் அவர்கள் கையிலிருந்த துப்பாக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'டெக்கர்ட்' என்றுதான் மலைவாசிகள் அதைச் சொன்னார்கள்.

அந்தப் பேருக்குக் காரணமான துப்பாக்கிக் கொல்லர் யாக்கோப் டிக்கர்ட் 1740இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்கா வந்தார். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் பட்டறை போட்டு, 1822இல் சாகும்வரை அந்த ஊரை விடவில்லை. ஆங்கிலேயச் சிப்பாயின் மஸ்கட்டில் குழலின் உட்புறம் வழவழப்பு. நூறு கஜம் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. லங்காஸ்டர் துப்பாக்கியில் குழலுக்குள் மரை வெட்டியிருக்கும். எண்ணெய்த் துணியில் பொதிந்து இறக்கிய ஈயக்குண்டு சுழன்றுகொண்டே போய், கை தேர்ந்தவன் சுட்டால் இருநூறு கஜத்திலும் ஆளை வீழ்த்தும். குண்டு போட நேரமாகும், ஈட்டி முனை பொருத்த முடியாது என்ற குறைகளும் உண்டு. ஆனால் மரத்துக்கு மரம் மறைந்து சுடுகிறவனுக்கு அவை பெரிய குறைகளே அல்ல. ஷெல்பியையும் செவியரையும் வரலாறு கொண்டாடிவிட்டது. அந்த வெற்றியில் பாதி கொல்லர்களுக்குச் சேர வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆனால் 'டெக்கர்ட்' என்று பேர் வாங்கிய துப்பாக்கியெல்லாம் டிக்கர்ட் செய்தவையல்ல. அப்படியானால் இன்று ஒரு பழந்துப்பாக்கி கைக்கு வந்தால், செய்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைச் சொல்ல இந்த வாரம் முழுதும் வேண்டும். சண்டை அடுத்த இதழில்.

புதிதாகப் பார்க்கிறவர் முதலில் ஏமாறுவது விசையில்தான். சக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பொறி எழுப்பும் அந்த அமைப்பின் இரும்புத் தகட்டில் 'கெட்லண்ட்' என்று அழகாக வெட்டியிருக்கும். கெட்லண்ட் இங்கிலாந்தின் பர்மிங்காம் வியாபாரக் குடும்பம். அவர்கள் விசைகளைப் பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். உள்ளூர்க் கொல்லர் வாங்கித் தம் துப்பாக்கியில் பொருத்தினார். விசையில் இருப்பது விசைக்காரர் பெயர். கொல்லர் கையெழுத்திட்டிருந்தால் எட்டுப்பட்டைக் குழலின் மேல்பட்டையில், பின்குறிக்கும் குழலடிக்கும் இடையில் இருக்கும். பலர் போட்டதில்லை. சிலர் இரண்டே எழுத்து போட்டார்கள். அந்த இரண்டு எழுத்துக்குப் பொருந்தும் கொல்லர்கள் எத்தனையோ பேர். குழலே வேறொருவரின் ஆலையில் அடித்ததாகவும் இருக்கலாம்.

அதனால் அறிந்தவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள். வரிவரியாக ஓடும் மேப்பிள் கட்டை. லங்காஸ்டர் கொல்லர் என்றால் பின்கட்டையின் மேல்கோடும் கீழ்க்கோடும் நேராக ஓடி, முக்கோணமாக விரியும். வடகிழக்கே லீஹை பக்கத்துக் கட்டையின் மேல்கோடு ரோமானிய மூக்கைப்போல வளையும். கட்டையின் வலப்பக்கத்தில் துணித்துண்டு வைக்கப் பித்தளை மூடி போட்ட குழி இருக்கும். மூடியின் தலைப்பில் டெய்சிப் பூ வெட்டியிருந்தால் மனசு லங்காஸ்டர் பக்கம் சாயும். பூ மட்டும் போதாது, மற்ற ஊர்க்காரர்களும் அதை வெட்டினார்கள். கன்னம் பதியும் மேட்டுக்குப் பின்னால் ஓடும் கொடிச் செதுக்கல்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். உளியை எங்கே ஆழமாக இறக்கினார், சுருளை எந்தப் பக்கம் முடித்தார் என்பது ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம். சீடன் கையில் குருவின் பழக்கமும் தெரியும். யார்க் நகரத்துப் பழம்பொருள் வியாபாரி ஜோ கிண்டிக் இப்படித்தான் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1960இல் பெரிய புத்தகமாகப் போட்டார். பெயரில்லாத துப்பாக்கிகளுக்கு ஊரும் ஆளும் கிடைக்க வழிசெய்த மனிதர் அவர்.

கையெழுத்து உள்ள துப்பாக்கிதான் இந்த ஒப்பீட்டுக்கு அளவுகோல். எனக்குப் பிடித்த கொல்லர் கிறிஸ்டியன் ஏர்ட்டரும் அந்த வகையில் வருகிறார். நாசரேத் அருகே மொராவியன் சபையார் அமைத்த கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்ற குடியிருப்பில் ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட் துப்பாக்கிப் பட்டறை நடத்தினார். இதே சபையின் சகோதரர்கள்தாம் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள். 1766இல் பட்டறை சீடர் ஏர்ட்டர் கைக்கு வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. 1777இல், முப்பது வயதில், இறந்துபோனார். பெயரும் ஆண்டும் பொறித்த சில துப்பாக்கிகளே அவருடையவையாக எஞ்சியுள்ளன.

இந்தக் கதையில் வில்லன்கள் உண்டென்றால், வெறும் குழலில் பிரபலமான பெயரை வெட்டி விற்கிறவர்கள்தாம். ஒரு கொல்லரின் உழைப்பைத் துடைத்துவிட்டு இன்னொருவர் பெயரை ஒட்டுவது திருட்டு. கண்டுபிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். பழைய எழுத்தென்றால் துரு அரித்த சிறுகுழிகள் எழுத்தின் கோட்டையும் தின்றிருக்கும். புதிதாக வெட்டிய கோடு அந்தக் குழிகளுக்குக் குறுக்கே கூர்மையாக ஓடும்.

இதற்கு நேர்மாறாக, அசலே நகலாகத் தோன்றுவதும் உண்டு. ஏர்ட்டர் 1775இல் செய்த ஒரு துப்பாக்கி 1971இல் வேலி ஃபோர்ஜ் காட்சியகத்திலிருந்து திருடு போனது. 2018இல் அது ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் வந்து சேர்ந்தது. முதலில் அவரும் அதைப் பிற்கால நகல் என்றே நினைத்தார். பிரித்துப் பார்த்தபோதுதான் அசல் என்று தெரிந்தது. 2019இல் பிலடெல்பியாவின் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தில் அதை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

(தொடரும்)