ராஜா பாட்டு யார் சொத்து? ஒரு கேசட் காலக் குறிப்பு

"இளையராஜா பாட்டு யாருக்குச் சொந்தம்?" இந்தப் பேச்சு வந்தாலே நண்பர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிஞ்சிடறாங்க. சட்டத்துக்குப் போவதற்கு முன்னால், அந்தப் பாட்டெல்லாம் எந்த வழியாக நம்ம காதுக்கு வந்தது என்று பார்த்துவிடலாம்.

1976-ல் 'அன்னக்கிளி' பாட்டுகளை வெளியிட்டது கிராமபோன் கம்பெனி, அதாவது நாம ஹெச்.எம்.வி. என்று சொல்வது. 1978-ல் 'ப்ரியா' இன்ரெகோவில் வந்தது. ரெண்டுமே கல்கத்தா கம்பெனிகள். எண்பதுகளில் எக்கோ வந்தது. 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987) எல்லாம் அதில்தான். 1991-ல் 'தளபதி' பெங்களூரு லஹரிக்குப் போனது. ஒரே இசையமைப்பாளர், பதினைந்து வருஷம், நாலு கம்பெனி.

ஆனா தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் வளர்ந்த என் வயசுக்காரர்களில் பலருக்கு இந்தப் பெயர்கள் மனசில் பதியவே இல்லை. ஏன்னா நாங்க இசைத்தட்டு வாங்கினவங்க இல்லை. கேசட்டில் பாட்டுப் பதிவு பண்ணிக்கிட்டவங்க. ஒரு காலி கேசட், நோட்டில் கிழித்த தாளில் ஒரு பாட்டுப் பட்டியல். ரெண்டையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துட்டு வருவோம். 60 நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. எல்.பி. தட்டு கடைக்காரரிடமே இருக்கும். கம்பெனி பெயர் அச்சடித்த அட்டை அவர் அலமாரியைத் தாண்டி வெளியே வராது. நம்ம கைக்கு வரும் கேசட் உறையில் பாட்டு, படம் பெயர், மிஞ்சினால் பாடகர் பெயர், எல்லாம் பால்பாயின்ட் பேனாவில். சட்டப்படி பார்த்தா அது அனுமதியில்லாத பிரதிதான். ஆனா 'ராஜா ஹிட்ஸ்' என்ற அந்தக் கையெழுத்துதான் ஒரு தலைமுறைக்கே பட்டா மாதிரி ஆனது. பாட்டு ராஜாவோடது, அவ்வளவுதான்.

கோர்ட் படித்தது வேற காகிதம். சம்பளம் கொடுத்து இசையமைக்கச் சொன்ன தயாரிப்பாளரே, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் என்று 1977-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதாவது 'அன்னக்கிளி' வந்த அடுத்த வருஷமே. தயாரிப்பாளர் கேசட் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் உரிமையும் கூடவே போய்விடும். 2012-ல் வந்த சட்டத் திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைக் கொடுத்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் எக்கோ வழக்கில் ரெண்டையும் பிரித்தது: ஒலிப்பதிவு உரிமை கம்பெனிக்கு, இசையைப் படைத்தவர் என்ற தார்மீக உரிமை ராஜாவுக்கு. அதுவும் மேல்முறையீட்டுக்குப் போனது.

என் தொழிலில் இது புதுசு இல்லை. நான் எழுதும் கோடு கம்பெனிக்குச் சொந்தம், எனக்கு மாசச் சம்பளம். ஆனா முப்பது வருஷம் கழிச்சு என் கோடை யாரும் கல்யாண வீட்டில் ஓடவிடப் போவதில்லை. பாட்டு அப்படி இல்லையே. அன்றைக்குக் கொடுத்த ஒரே சம்பளம், அப்போது பிறக்காத சி.டி.க்கும் ஆன்லைனுக்கும் சேர்த்துத்தானா? இந்தச் சண்டையின் வேர் அங்கேதான் இருக்கு.

உங்க வீட்டுப் பரணில் பழைய எல்.பி. ஏதாவது இருந்தா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் கம்பெனி பெயரையும் வருஷத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைங்க. அடுத்த வழக்குக்கு இல்லாவிட்டாலும், அடுத்து வரலாறு எழுதறவனுக்கு உதவும்.