தோட்டாவுக்கு எதற்குக் கொழுப்பு?

பள்ளிக்கூடத்தில் படித்த 1857 ஞாபகம் இருக்கிறதா? பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா, அதைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள், சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள். ஐந்து மார்க் கேள்வி. நானும் எழுதி வாங்கியிருக்கிறேன். ஆனா அந்த வயசில் தோன்றாத ஒரு கேள்வி நாற்பதைத் தாண்டியபிறகுதான் உறைத்தது: தோட்டாவுக்கு எதற்குங்க கொழுப்பு?

வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. இதுதான் ஏறக்குறைய அந்தக்காலக் கரிமருந்து. தீபாவளிக்கு மறுநாள் வாசலில் கிடக்கும் கறுப்புச் சாம்பலைப் பார்த்திருப்பீர்கள். கரிமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகப் போவதில்லை; திடமான கசடாகத் தங்கிவிடும். துப்பாக்கிக் குழாய்க்குள் அது ஒட்டி, காய்ந்து, கட்டியாகிவிடும். நாலைந்து தடவை சுட்டதும் குழாயின் உள்விட்டம் குறைய ஆரம்பிக்கும்.

கம்பெனிச் சிப்பாய்கள் அதுவரை வைத்திருந்த பழைய மஸ்கட்டில் இது பெரிய தொல்லையில்லை. குழாய் முக்கால் அங்குலம், உள்ளே போகும் ஈயக்குண்டு சுமார் 0.69 அங்குலம். லொடலொடன்னு இறங்கும். கசடு சேர்ந்தாலும் இடம் மிச்சம். அதனால்தான் நூறு கஜத்துக்கு அப்பால் குறி என்பதே கிடையாது. அந்தத் தோட்டாவையும் சிப்பாய்கள் பல்லால்தான் கடித்தார்கள், தலைமுறை தலைமுறையாக. யாரும் முகம் சுளிக்கவில்லை, ஏன்னா அது வெறும் காய்ந்த காகிதம். ஆக, கடிப்பது பழசு. தடவுவதுதான் புதுசு.

1853 மாடல் என்ஃபீல்டு வந்ததும் கதை மாறியது. குழாய் 0.577 அங்குலம், உள்ளே திருகுபோல மூன்று பள்ளங்கள். குண்டு 0.568 அங்குலம். நடுவில் கால் மில்லிமீட்டர்கூட இல்லை! வெடிக்கும்போது குண்டின் குழிந்த அடிப்பாகம் விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மிருதுவான, கலப்பில்லாத காரீயம்தான் தோது. (நம்ம வீட்டு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேற, இது வேற. குழப்பிக்கொள்ளாதீர்கள், உயிருக்கு ஆபத்து.)

இப்போது இரண்டு பிரச்சினை சேர்ந்து வருகிறது. காய்ந்த கசட்டின்மேல் இவ்வளவு இறுக்கமான குண்டை வாய்வழியாக இடித்து இறக்கவே முடியாது. மேலும் வெற்று ஈயம் குழாயில் உரசிப் படியும். மசகு இரண்டுக்கும் மருந்து. வழுக்கிவிடுவது அதன் பாதி வேலைதான். கசடைக் காயவிடாமல் குழைவாக வைத்திருப்பது மீதிப் பாதி. அப்போதுதான் அடுத்த குண்டு இறங்கும்போது கசடையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் பர்ட்டன் வடிவமைத்த குண்டில் மசகு நிற்க இடுப்பைச் சுற்றி வரிப்பள்ளங்கள் உண்டு. இங்கிலாந்தின் பிரிட்செட் குண்டு மொழுமொழுவென்று இருக்கும். அதனால் குண்டைச் சுற்றிய காகிதத்தையே கொழுப்பில் முக்கினார்கள். அந்தக் காகிதம் குண்டோடு சேர்ந்து குழாய்க்குள் போகும்.

இந்த அமைப்பை வரைபடத்தில் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். காகிதக் குழலின் ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. கடிப்பது மருந்து முனையை. கொழுப்பு இருப்பதோ குண்டு முனையில். அதாவது வடிவமைத்தவர் கணக்குப்படி வாயில் கொழுப்பு படவே படாது. நானும் இப்படி எத்தனையோ தடவை, "யூசர் அந்தப் பட்டனைத் தொடவே மாட்டார்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டாலோ சூட்டில் உருகிக் காகிதத்தில் ஊறும் சமாச்சாரம். கட்டுக்கட்டாக அடுக்கி வைத்த தோட்டாவில், மே மாதத்து வங்காளத்தில், எந்த முனை எந்த முனையோடு உரசும் என்று யார் சொல்ல முடியும்? தவிர, தீட்டு என்பது மில்லிமீட்டர் கணக்கு பார்க்குமா?

பெரிய ஓட்டை இன்னொன்று. கலவையில் டாலோ என்று இருந்ததே ஒழிய, எந்த விலங்கின் கொழுப்பு என்று கல்கத்தாவில் யாரும் கட்டுப்படுத்தவில்லை. காண்டிராக்டர் கொடுத்ததே சரக்கு. பன்றி இருந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். பசு இல்லை என்று அன்றைக்கு எந்த அதிகாரியாலும் சத்தியம் பண்ண முடியவில்லை. எனக்கு அதுவே போதும். இத்தனைக்கும் 1853-லேயே கர்னல் டக்கர் இது சிக்கலாகும் என்று எழுத்தில் எச்சரித்திருந்தார். வேலூரில் 1806-ல் தோல் வைத்த தலைப்பாகை கிளப்பிய கலகத்தை மறக்கிற அளவுக்கு நாள் ஆகியிருந்தது போல.

1857 ஜனவரியில் டம்டம்மில் முணுமுணுப்பு எழுந்ததும் அரசு சட்டென்றுதான் நகர்ந்தது. அந்த மாதக் கடைசிக்குள், தோட்டாவை மசகில்லாமலே கொடுங்கள், சிப்பாய்களே கடைத்தெருவில் வேண்டியதை வாங்கித் தடவிக்கொள்ளட்டும் என்று உத்தரவு போனது. அப்புறம் கடிக்கவே வேண்டாம், கையால் கிழியுங்கள் என்றார்கள். ஒன்றும் எடுபடவில்லை. காகிதம் ஏன் பளபளக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று சந்தேகம் காகிதத்துக்குத் தாவியது. பிப்ரவரியில் பெர்ஹாம்பூரிலும், ஏப்ரல் 24 மீரட்டில் 85 குதிரைவீரர்களும் மறுத்தது பழைய மாதிரித் தோட்டாவைத்தான்; கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவை அல்ல. இதைச் சொல்லி, "பாருங்கள், எல்லாம் வதந்தி" என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒருதடவை பொய்த்த நம்பிக்கைக்கு ஹாட்ஃபிக்ஸ் கிடையாது.

சில வருஷங்களில் பிரிட்டிஷ் ராணுவமே பெரும்பாலும் தேன்மெழுகுக்கு மாறியது. காரணம் சாதியுமல்ல மதமுமல்ல. நாள்பட்ட கொழுப்பு சிக்குப்பிடித்து அமிலமாகி ஈயத்தை அரிக்கும், வெயிலில் உருகும். தேன்மெழுகு 62 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

ஈயம் உருக்க எங்கள் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை (கேட்டதே தப்பு). நாட்டுமருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி, தேங்காயெண்ணெயோடு ஒன்றுக்கு ஒன்று உருக்கி, பழைய நோட்டுத்தாளில் தடவி, மே மாத மொட்டைமாடியில் வைத்தேன். மத்தியானம் தாளின் பின்பக்கம் வரை எண்ணெய் தெரிந்தது. மூன்றுக்கு ஒன்று மெழுகைக் கூட்டியபிறகு நின்றது. அடுப்பைச் சேர்த்து மொத்தம் இருபது நிமிஷ வேலை. மிச்சக் கட்டியை மேஜை டிராயர் சிக்கும்போதெல்லாம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.