மட்டக்களப்பு வான்வழியும் கல்முனைக்குடிப் பயணியும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடியிலிருந்து கட்டாருக்கோ சவூதிக்கோ தொழிலுக்குப் போகிறவர், கட்டுநாயக்காவில் விமானம் ஏறுமுன்பே ஓர் இரவைப் பஸ்ஸிலோ ஹயர் வானிலோ கழித்துவிடுகிறார். விமானம் பிந்தினால் என்ன நட்டஈடு என்று கேட்கும்போது அந்த இரவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கிழக்குக் கரை இழந்தது சில மணி நேரங்களை மட்டுமா? ஒரு வழித்தடத்தையே இழந்தது. அந்த இழப்பையும் பயணியின் உரிமைக்குள் வைத்துப் பேச வேண்டும் என்பதே என் வாதம்.

ஒரு காலத்தில் வழி இருந்தது. 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து பறக்கத் தொடங்கிய ஏர் சிலோன், பிற்காலத்தில் தன் டகோட்டா விமானங்களைக் கிழக்குக்கும் அனுப்பியது. கல் ஓயாத் திட்டத்தின் காலத்தில் அம்பாறைப் பக்கம் ஓர் ஓடுபாதை உருவானது. 1958இல் மட்டக்களப்பு விமான நிலையம் திறந்தது. கல்முனையிலிருந்து அது ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம்தான். பிறகு ஏர் சிலோன் மூடப்பட்டது. 1979இல் வந்த ஏர் லங்காவின் நாட்டமெல்லாம் வெளிநாட்டு வழிகளில் இருந்தது. 1983இல் மட்டக்களப்பு நிலையம் விமானப்படையின் கைக்குப் போனது. வளைகுடாவுக்கு ஆட்கள் திரளாகப் புறப்பட்ட காலமும் அதுவே. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் 1985இல் வந்தது. வான்வழி மிக அவசியமாயிருந்த தலைமுறைக்குப் போரும் சோதனைச் சாவடிகளும் நிறைந்த தரைவழியே கிடைத்தது. 2016இல் நிலையம் மீண்டும் சிவில் பாவனைக்கு வந்தது. 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரும் கிடைத்தது. வளைகுடாவுக்கான நேரடிச் சேவை மட்டும் வரவில்லை.

சட்டமோ டிக்கெட்டைத்தான் பார்க்கிறது, ஊரைப் பார்ப்பதில்லை. தாமதத்தால் வரும் நட்டத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்ற விதி 1929ஆம் ஆண்டின் வார்சோ உடன்படிக்கையிலேயே இருந்தது. 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையும் அதைத் தொடர்ந்தது. 2018ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தால் இலங்கையும் அதை ஏற்றது. ஆனால் நட்டத்தைப் பயணிதான் நிரூபிக்க வேண்டும். நியாயமான நடவடிக்கை அனைத்தும் எடுத்ததாக நிறுவனம் காட்டிவிட்டால் அதன் பொறுப்பு நீங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 250 முதல் 600 யூரோ வரை நிலையான தொகை வகுத்தது. அப்படி ஒரு தொகையை மொன்றியல் உடன்படிக்கை வகுக்கவில்லை.

இலாபம் இல்லாத வழியில் எவன் விமானம் விடுவான் என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். இந்தியா 2016இல் தொடங்கிய உடான் திட்டம் சிறு நகரங்களுக்கு அரசு மானியத்தோடு விமானம் விட்டது. ஒதுக்கிய வழிகளில் பாதிக்கு மேல் தொடங்கவே இல்லை என்று அந்நாட்டுக் கணக்காய்வாளர் 2023இல் அறிக்கையிட்டார். மானியம் மட்டும் வழியை நிலைநிறுத்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் வழி தர முடியாதபோது அதன் சுமை முழுவதும் பயணியின் தலையில்தான் விழ வேண்டுமா? பஸ் பிந்தியதற்கு விமான நிறுவனம் பொறுப்பாகாது, சரி. நேரம் மாறியதை, பயணி ஊரைவிட்டுப் புறப்படுமுன் அறிவிப்பது அதன் கையில்தான் இருக்கிறது. அப்படி அறிவிக்காவிட்டால், வான் கூலியும் கட்டுநாயக்காவில் தங்கும் செலவும் விமானத் தாமதத்தின் நட்டமே. சிவில் விமான சேவைகள் அதிகார சபை இதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். அதுவரை, வளைகுடா போகும் ஒவ்வொருவரும் வான் கூலிச் சிட்டையையும் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள். வழக்குத் தொடர மொன்றியல் உடன்படிக்கை தரும் அவகாசம் இரண்டு ஆண்டுகள்.