கீழைக் கரை வரலாறு - 14: ஒரு விருந்தும் முப்பத்தைந்து வருடமும்

கண்டி மன்னன் செனரத் முஸ்லிம்களான சோனகர்களை நம் கரையில் குடியமர்த்திய கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் செபால்ட் டி வீர்ட் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவனைத் தாண்டி என்னால் அந்தக் கதைக்குள் போக முடியவில்லை. 1603இல் மட்டக்களப்பில் அவன் தன் நாவை அடக்கியிருந்தால், 1626இல் நம் முன்னோர் மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே வரவேண்டி இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

டி வீர்ட் சாதாரண ஆளில்லை. மகலன் நீரிணை வழியாக ஆசியாவுக்குப் போக 1598இல் ஒல்லாந்திலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் ஒன்று ஜப்பானில் கரை சேர்ந்தது. தாய்நாடு திரும்பியது டி வீர்ட்டின் கப்பல் மட்டுமே. நீரிணைக் குளிரில் மாதக்கணக்காகப் பசியோடு கிடந்து மீண்டவன் அவன். 1600 ஜனவரியில் தென் அட்லாண்டிக்கில் அவன் கண்ட தீவுகளுக்கு நெடுங்காலம் அவன் பெயரே வழங்கியது. துணிச்சலில் அவனுக்கு நிகர் சொல்வது கடினம்.

அவனுக்கு முன்பே, 1602 மே இறுதியில், யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற இன்னோர் ஒல்லாந்தக் கப்பல் தலைவன் மட்டக்களப்புக்கு வந்துவிட்டான். அன்றைய மட்டக்களப்புத் தேசத்தில் கரைவாகும் சம்மாந்துறையும் நிந்தவூரும் அக்கரைப்பற்றும் அடக்கம். இந்த ஊர்கள் இன்று அடங்கும் அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். வந்தவர்கள் போர்த்துக்கேயப் பறங்கிகளோ என்று உள்ளூர்த் தலைவன் முதலில் சந்தேகப்பட்டான். ஸ்பில்பேர்கன் பொறுமையாக இருந்து, மலையேறிக் கண்டிக்குப் போய், அன்றைய மன்னன் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். குதிரைமேல் அமர்ந்த ஒல்லாந்த இளவரசர் மொரிஸின் ஓவியத்தைப் பரிசாகக் கொடுத்தான். போர்த்துக்கேயரை விரட்டக் கோட்டை கட்டுவதாயின் தானும் அரசியும் பிள்ளைகளும்கூடக் கல் சுமப்பதாகச் சொன்னான் மன்னன். இசைக்கலைஞர் இருவரைக் கண்டியில் விட்டுவிட்டே ஸ்பில்பேர்கன் கப்பலேறினான். ஒரு நாட்டுக்குள் எப்படிக் காலடி வைக்கவேண்டும் என்று அறிந்தவன் அவன்.

அந்த நல்லெண்ணத்தின் மேல்தான் டி வீர்ட் வந்து நின்றான். 1602 நவம்பரில் வந்து மன்னனோடு உடன்பாடு பேசினான். கடலில் அவனும் தரையில் மன்னனும் சேர்ந்து போர்த்துக்கேயரின் காலிக் கோட்டையைத் தாக்குவது திட்டம். அச்சே போய், 1603 ஏப்ரலில் ஏழு கப்பல்களோடு திரும்பினான். இடையில் நான்கு போர்த்துக்கேயக் கப்பல்கள் பிடிபட்டன. அவற்றிலிருந்தவர்களை மன்னன் தன்னிடம் தரும்படி கேட்க, டி வீர்ட் அவர்களை விட்டுவிட்டான். அவனுடைய ஆட்களோ கரையில் மாடுகளை அறுத்துத் தின்றார்கள். மாட்டைக் கொல்வதைப் பெரும்பாவமாகக் கருதும் மக்கள் கண்ணெதிரே நடந்த காரியம் இது. பின்னர் விருந்தில் அவன் அரசியை அவமதித்த பேச்சைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். என் கணக்கில் மன்னனின் மனம் முறிந்தது மாட்டிலும் கைதிகளிலும்தான்.

மன்னன் கரைக்கே இறங்கி வந்தான். விருந்து நடந்தது, மது ஓடியது. கப்பலைப் பார்க்க வாருங்கள் என்று டி வீர்ட் வற்புறுத்தினான். மன்னனுக்குச் சந்தேகம், அரசி தனியாக இருக்கிறாள், கண்டிக்குத் திரும்பவேண்டும் என்றான். போதை தலைக்கேறிய டி வீர்ட், அரசிக்கு ஆண் துணைக்கா பஞ்சம் என்ற பொருள்பட வாய்விட்டான். இந்த நாயைக் கட்டுங்கள் என்று மன்னன் கட்டளையிட்டான். டி வீர்ட் அங்கேயே வெட்டப்பட்டான். அவனோடு வந்தவர்களில் ஐம்பது பேரளவில் மாண்டார்கள். கப்பல்களுக்கு மன்னன் அனுப்பிய ஓலை மிகச் சுருக்கமானது: குடிகாரன் உதவமாட்டான், சமாதானம் வேண்டுமானால் சமாதானம், சண்டை வேண்டுமானால் சண்டை. மன்னனை நான் குறை சொல்லமாட்டேன். பிழை முழுவதும் டி வீர்ட்டுடையது.

அதற்கான விலையைக் கொடுத்தது நம் கரை. அடுத்த ஆண்டே விமலதர்மசூரியன் இறந்தான். பின்வந்த செனரத்துக்குக் கடலில் துணை கிடைக்கவில்லை. பால்டிக் கடலின் வாயிலில் இருக்கும் சிறிய டென்மார்க்கைக்கூட நம்பிப் பார்த்தார்கள். கண்டியின் பெயரால் பொஷோவர் என்ற ஒல்லாந்தன் கொப்பன்ஹேகனில் ஒப்பந்தம் போட்டான். வரும் வழியிலேயே செத்தான். 1620இல் டேனியத் தளபதி ஓவ கெட்டேயின் கப்பல்கள் வந்தபோது அந்த ஒப்பந்தத்தைச் செனரத் ஏற்கவில்லை. டேனியர் தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார்கள்.

போர்த்துக்கேயரைத் தடுக்க ஆளில்லை. 1626இல் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா தன் ஆட்சிப் பகுதியிலிருந்து சோனகரை வெளியேற்றினான். செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று எழுதிவைத்தவர் குவைரோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். செனரத்துக்கு நம் ஊர்களில் ஒரு தெருப்பெயராவது இருக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தக் குடியேற்றத்துக்கு முன்பும் சோனகர் இங்கே இருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. வந்தவர்கள் இருந்தவர்களோடு கலந்தார்கள்.

மேற்குக் கரையில் தராசு பிடித்த கைகள் இங்கே கலப்பை பிடித்தன. தமிழ் அயலாரைப் போலவே தாய்வழிக் குடி எண்ணினார்கள், மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்தார்கள். போடியார் எனப்படும் நிலக்கிழார்களின் வயற்கண்டங்களும் மருதமுனைத் தறிகளும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றமும் இந்த மண்ணில் வேர்பிடித்தவை.

1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை எழுப்பினார்கள். ஒல்லாந்தர் கண்டியின் நண்பர்களாக மறுபடி வந்து அதைப் பிடித்தது 1638 மே மாதம். டி வீர்ட் செத்து முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அந்த முற்றுகை அடுத்த வாரம்.

(தொடரும்)