கொணர்பவர் செக்கு

சோழவளநாட்டில் நெல் விற்ற பணம் முற்காலத்தில் பெரும்பாலும் ரொக்கமாகவே கைமாறியது. தூரதேச வியாபாரம் நடத்தினோர் உண்டியல் எழுதினர். வடநாட்டில் 'ஷாஜோக்' என்றோர் உண்டியல் வழங்கிற்று. கடைவீதியில் பெயர்பெற்ற சாகுகாரர் ஒருவர் கொண்டுவந்தாலன்றி அதற்குப் பணம் கிடையாது. ஆளறிந்து கொடுப்பதே அம்முறையின் உயிர்.

1904-ஆம் வருஷத்தில் நமது குடந்தையிலேயே கும்பகோணம் பாங்கி தோன்றிற்று. சிட்டி யூனியன் பாங்கி என இந்நாளில் விளங்குவது அதுவே. பாங்கியோடு வந்த செக்கின் இலக்கணமோ வேறு. 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, 'அல்லது கொணர்பவருக்கு' என்னும் சொற்கள் அடிக்கப்படாதிருப்பின், கையில் கொண்டு வருபவனுக்கே பணம். நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவின்றியும் கொடுத்துவிட்டால் பாங்கியின் பொறுப்பு தீர்ந்தது. வழியில் தவறவிட்டவர் பாடு அவரோடு.

பின்புறத்தில் ஒருவர் பெயரெழுதிக் கையொப்பமிட்டால் செக்கு அவருக்கே உரியதாகிவிடும் என நம் சமூகத்தார் பலர் நம்பியிருக்கின்றனர். நாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். 1934-ஆம் வருஷத்துத் திருத்தம் இதற்கு இடந்தரவில்லை. முதலில் கொணர்பவர் செக்காக எழுதப்பட்டதாயின், பின்புறம் யார் பெயர் இருப்பினும், கொண்டு வந்தவனுக்குக் கொடுத்துப் பாங்கி விடுபடலாம். அறியாதார்க்கு இது கொடிய விதியே.

ஆதலின் செக்கு எழுதுவோர் முகப்பிலேயே அச்சொற்களை அடித்துவிடுக. அங்ஙனம் அடிக்காத செக்கு வந்து சேர்ந்தாலும், பெற்றவரே முகப்பின் குறுக்கே இரு கோடு இழுத்துக்கொள்ளலாம். சட்டம் அதனை அனுமதிக்கிறது. பின்னர்க் கணக்கப்பிள்ளை கையில் கொடுத்தனுப்பினும், ரொக்கமாகக் கொடாமல் ஒரு பாங்கிக் கணக்கின் வழியாகவே பணம் செல்லும்; யார் பெற்றார் என்பதற்கு ஏட்டில் அடையாளம் நிற்கும்.