கைவினை பியர் சந்தை முன்கணிப்பு

கைவினை பியர் என்பது சிறிய, தனித்தியங்கும் ஆலைகளில் தயாரிக்கப்படும் பியர் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுக்கு 60 இலட்சம் பீப்பாய்களுக்கு மிகாமல் தயாரிக்கும் ஆலைகளையே புரூவர்ஸ் அசோசியேசன் என்னும் வணிகச் சங்கம் இவ்வகையில் சேர்க்கின்றது. இச்சந்தையின் வருங்காலப் போக்கை மதிப்பிடுவதே இதன் முன்கணிப்பு ஆகும்.

தேவை

பியருக்குக் கசப்பும் நறுமணமும் தரும் ஹாப்ஸ் கொடி, முழு விளைச்சல் தர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே உழவர்களும் ஆலைகளும் முன்கூட்டியே கொள்முதல் ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். கணிப்புத் தவறினால் ஹாப்ஸ் தேங்கும். அல்லது தட்டுப்பாடு ஏற்படும்.

குறிகாட்டிகள்

கொலராடோவில் 1982 இல் தொடங்கிய மாபெரும் அமெரிக்க பியர் விழாவின் போட்டிப் பிரிவுகள் ஒரு குறிகாட்டியாகும். 2018 இல் அங்கு சேர்க்கப்பட்ட கலங்கல் வகை இந்தியா பேல் ஏல், அவ்வாண்டே மிகுதியான பதிவுகளைப் பெற்றது.

வரம்புகள்

போட்டிப் பதிவுகள் தயாரிப்பாளரின் ஆர்வத்தைக் காட்டுமேயன்றி, அருந்துவோரின் விருப்பத்தை நேரடியாகக் காட்டா. கடந்தகால வளர்ச்சி அப்படியே தொடரும் எனக் கொள்வதும் பிழையாகலாம். 2010களில் ஆலைகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. ஆனால் 2024 இல் புதிதாகத் திறக்கப்பட்டவற்றைவிட மூடப்பட்டவையே மிகுதி. 1965 இல் பிரிட்சு மேட்டேக் வாங்கி மீட்டெடுத்த, இத்துறையின் முன்னோடியான சான் பிரான்சிசுகோ ஆங்கர் ஆலையும் 2023 இல் மூடப்பட்டது.