நுவரெலியா: தலைக்கணக்கும் வாக்குக்கணக்கும்

ஒரு தேர்தல் தொகுதியின் வரலாறு என்றால் வென்றவர் பெயர், தோற்றவர் பெயர், பெரும்பான்மை வாக்கு என்று ஓர் அட்டவணை போட்டு முடித்துக்கொள்வது நம்மிடையே வழக்கம். நுவரெலியாவை அப்படி எழுத முடியாது. 1952 முதல் 1977 வரையான கால் நூற்றாண்டில் இங்கும் தேர்தல்கள் நடந்தன, உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஆனால் மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்த மக்களில் மிகப் பெரும்பாலானோரின் கையில் வாக்குச்சீட்டு இருக்கவில்லை. அவர்களை விட்டுவிட்டு எழுதும் அட்டவணை எத்தனை சரியாக இருந்தாலும் அது பாதிக் கணக்குதான். நான் ஹற்றன் கடைவீதியில் வளர்ந்த முஸ்லிம். மீதிப் பாதியைத் தேடும்போது எங்கள் சமூகத்தின் பங்கையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது.

டொனமூர் அரசியலமைப்பு 1931இல் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளருக்கும் அது கிடைத்தது என்றாலும் ஒரு நிபந்தனையோடுதான் கிடைத்தது. இந்த நாட்டையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்டினால்தான் பெயர் இடாப்பில் ஏறும். கண்டிச் சிங்களத் தலைவர்கள் அப்போதே அச்சம் தெரிவித்திருந்தனர். அவ்வாண்டு அரசாங்க சபைக்கு ஹற்றனிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவானார்; தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார். தலவாக்கலையில் வைத்திலிங்கம் தெரிவானார். தொழிலாளரின் வாக்கினால் வந்த ஒருவர் தொழில் அமைச்சராக இருந்த அந்த ஐந்தாண்டுகள் மலையகத்துக்கு நல்ல தொடக்கம் என்றே சொல்ல வேண்டும்.

1936இல் ஹற்றன் தொகுதியை வென்றவர் கோ.நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்தவர், ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தியவர். துரைமார் அனுமதியின்றி வெளியாள் எவரும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டெழுதிப் பாடிக் கூட்டம் சேர்த்தார். மலையகத்தில் இலக்கியமும் தொழிற்சங்கமும் தேர்தலும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டன என்றால் மிகையல்ல.

1939இல் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர் குஜராத்தில் பிறந்த அப்துல் அஸீஸ். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருமல்லர், தொழிலாளரின் சமயத்தைச் சேர்ந்தவருமல்லர். ஆனாலும் தோட்டத்து மக்கள் அவரைத் தம் தலைவராக ஏற்றனர். மலையகம் பற்றிப் பேசும் நம் கட்டுரைகளில் இவர் பெயர் அநேகமாகத் தென்படுவதில்லை. கிழக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த தலைவர்களை நினைவுகூரும் அளவுக்கு இவரை நாம் நினைவுகூர்வதில்லை.

1947இல் சோல்பரி அரசியலமைப்பின் கீழ் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் வேட்பாளராக நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அவரை எதிர்த்து நின்றவர்களுள் பின்னாளில் வரலாற்றாய்வாளராகப் பேர்பெற்ற ஜேம்ஸ் ரி. இரத்தினமும் ஒருவர். தலவாக்கலையில் கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் ராஜலிங்கம் ஆகியோர் வென்றனர். மோத்தாவுக்குப் பின் மஸ்கெலியா இடைத்தேர்தலில் அப்துல் அஸீஸ் வென்று பாராளுமன்றம் சென்றார். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த ஒரு கவிஞரும் குஜராத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிமும் லயத்து மக்களின் வாக்கினால் ஒரே அவையில் அமர்ந்தனர்.

காங்கிரஸ் வென்ற தொகுதிகளோடு விஷயம் முடியவில்லை. தாம் போட்டியிடாத இடங்களில் தோட்டத் தொழிலாளர் இடதுசாரிகளுக்கு வாக்களித்தனர். ஐக்கிய தேசியக் கட்சி தனித்துப் பெரும்பான்மை பெறவில்லை. இந்த வாக்கு இப்படியே இருந்தால் அடுத்த தேர்தலில் என்ன நடக்கும் என்ற கணக்கை ஆட்சியில் இருந்தவர்கள் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இந்நாட்டில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். லயக் காம்பராவில் பிறந்து, பிறப்புப் பதிவே இல்லாமல் வளர்ந்தவர் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்? 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் இன்னொரு வழி காட்டியது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இங்கே வசித்ததைக் காட்டி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்களில் மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. மூன்று சட்டங்களையும் சேர்த்துப் படித்தால்தான் நோக்கம் விளங்கும்.

இங்கே நாம் இரண்டு விடயங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, இச்சட்டங்கள் தோட்டத்து இந்துக்களை மட்டும் தாக்கவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வந்து மலைநாட்டு நகரங்களில் வியாபாரம் செய்த இந்தியச் சோனகரும் ஒரே நாளில் அந்நியராயினர். பாகிஸ்தானியர் என்ற சொல் சட்டத்தின் பெயரிலேயே இருந்ததை நாம் கவனிக்க மறந்துவிடுகிறோம். இரண்டாவது, 1948 சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராக இருந்தவர் டி.பி.ஜாயா. முஸ்லிம் கல்விக்கு அவர் ஆற்றிய பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது, நானும் மதிக்கிறேன். ஆனால் தொழிலாளருக்குப் பொறுப்பான அமைச்சராக ஒரு முஸ்லிம் இருந்த காலத்திலேயே இந்நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் நாடற்றதாயிற்று. 1952இல் கொழும்பில் தொண்டமானோடு சத்தியாக்கிரகத்தில் நின்றவரும் ஒரு முஸ்லிம்தான். ஜாயாவின் பெயரை நாம் பாடசாலைகளுக்கு வைத்தோம். அஸீஸின் பெயரை எங்கே வைத்தோம்?

1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. மலைநாட்டுத் தொகுதிகளின் வாக்காளர் தொகை கரைந்துபோயிருந்தது. நியாயம் கேட்டு நீதிமன்றத்துக்கும் போனார்கள். கோடாகன் பிள்ளை வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953இல் தோற்றது. சிறுபான்மையோருக்குக் காவல் என்று சொல்லப்பட்ட 29ஆம் பிரிவு அந்தக் காவலைத் தரவில்லை.

இதைவிடக் கொடுமையான ஒன்று தொகுதி நிர்ணயத்தில் இருந்தது. மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்று தீர்மானிக்கும்போது மொத்தச் சனத்தொகையை எடுத்தார்கள். 75,000 பேருக்கு ஓர் ஆசனம். அந்தக் கணக்கில் லயத்துப் பிள்ளைகுட்டிகள் வரை எல்லாரும் சேர்க்கப்பட்டார்கள். அப்படி உருவான ஆசனத்துக்கு வாக்களிக்கும்போது அவர்கள் இல்லை. அவர்களின் தலைகளால் கூடிய ஆசனங்களை அவர்களில்லாத வாக்காளர் நிரப்பினர். கண்டிச் சிங்களப் பகுதிகளின் பாராளுமன்றப் பலம் கூடியதற்கு இது ஒரு காரணம். கூடிய அந்தப் பலம், தலைகொடுத்தவர்களுக்கு எதிராகவே அடிக்கடி பயன்பட்டது.

இக்காலத்தில் மலையகத்துக்கு நியமன உறுப்பினர் என்ற வாசல் மட்டுமே திறந்திருந்தது. 1960இல் தொண்டமான் நியமனம் பெற்றார். அஸீஸ் 1950களின் நடுவில் அவரிடமிருந்து பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்திருந்தார். 1970இல் ஸ்ரீமாவோ அரசு அவரை நியமித்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வருகிறதோ அந்தக் கட்சியின் தயவில் ஒருவர் போவார். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமோ, மக்கள் பலத்தோடு பேசும் தைரியமோ நியமனக் கதிரைக்கு வராது. இரு தலைவர்களுக்கும் இடையிலிருந்த பிணக்குகளைப் பலர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். வாக்கில்லாத சமூகத்தின் தலைவர்கள் ஆளுக்கொரு கட்சியைச் சார்ந்து நிற்க வேண்டியிருந்ததையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் வாக்குள்ளவரிடம்தானே வரும்! ஹற்றன் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை எங்கள் பக்கத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பார்கள். எங்கள் வாப்பாவின் கடைப் பற்றுக் கொப்பியில் தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் எழுதியிருக்கும். கணக்கைத் தீர்த்துவிட்டுப் போக வந்தவர்களின் பெயருக்குக் குறுக்கே அவர் கோடு கிழித்ததைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். கடன் வைத்துவிட்டுப் போனவர்கள் மிகச் சிலரே என்று வாப்பா பிற்காலத்தில் சொல்வார்.

1977இல் நிலைமை மாறியது. நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக ஆக்கப்பட்டிருந்தது. கொழும்பு மத்தி, பேருவளை, மட்டக்களப்பு, பொத்துவில் ஆகிய பல அங்கத்தவர் தொகுதிகள் முஸ்லிம்களுக்கு எப்படி உதவின என்பது நம் வாசகருக்குத் தெரியும். அதே முறைதான் இது. வாக்காளருக்கு மூன்று வாக்குகள். விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே போடலாம். காமினி திசாநாயக்க முதலாவதாகவும், அநுர பண்டாரநாயக்க இரண்டாவதாகவும், தொண்டமான் மூன்றாவதாகவும் வந்தனர். 25 ஆண்டுகளுக்குப் பிறகு மலையகத் தமிழர் ஒருவர் தேர்தலில் வென்று பாராளுமன்றத்துக்குப் போனார். மூன்றாமிடம்தான், ஆனால் அது நியமனமல்ல. அடுத்த ஆண்டில் அவர் அமைச்சரானதற்கும், 1986, 1988 சட்டங்களால் நாடற்றோர் பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்ததற்கும் அந்த மூன்றாமிடமே அத்திவாரம். கடைசி முடிச்சை 2003இன் சட்டம் அவிழ்த்தது. தொண்டமான் அதைக் காண இருக்கவில்லை. 1999 ஒக்டோபர் 30இல், ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சரியாக 35 ஆண்டுகள் நிறைந்த நாளில், அவர் காலமானார்.

விகிதாசார முறை வந்தபின் தொகுதி மாவட்டமாக விரிந்தது. கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகியவற்றோடு நுவரெலியா–மஸ்கெலியாவும் சேர்ந்தது. 1994இல் இம்மாவட்டத்திலிருந்து சுயேச்சைக் குழுவில் வென்ற மலையக மக்கள் முன்னணியின் பெ.சந்திரசேகரன் பெற்ற ஒற்றை ஆசனத்தை மறக்க முடியாது. பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, இவருக்கு 1, சேர்ந்து 113. ஆட்சியமைக்க வேண்டிய எண்ணிக்கை சரியாக அதுதான். 1949இல் வாக்குப் பறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் 1994இல் ஓர் அரசாங்கத்தை ஆக்கும் இடத்தில் நின்றார்கள், அதுவும் முஸ்லிம்களின் கட்சியோடு பக்கத்தில் பக்கமாக. இரு சமூகங்களும் அந்த வாய்ப்பை நீண்டகால உறவாக வளர்த்தெடுத்திருக்கலாம். அது நடக்கவில்லை என்பதே என் மனக்குறை.

2015இலும் 2020இலும் மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தமிழருக்குக் கிடைத்தன. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி ஐந்து ஆசனங்களை வென்றது. பழைய தலைமைகளில் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் ஜீவன் தொண்டமானும் தப்பினர். தேசிய மக்கள் சக்தியின் ஐவரில் ஒருவர் கிருஷ்ணன் கலைச்செல்வி. அவரும் பதுளையில் வென்ற அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்ற முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள். 1931இலேயே வாக்குப் பெற்ற பெண்கள், கொழுந்துக் கூடையைச் சுமந்து தொழிற்சங்கச் சந்தாவும் கட்டி வந்த பெண்கள், தம்மில் ஒருத்தியை அனுப்ப 93 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

நுவரெலியா–மஸ்கெலியா இன்று நாட்டின் மிகப் பெரிய வாக்களிப்புப் பிரிவுகளில் ஒன்று. அப்படியிருந்தும் பிரதேச சபையின் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக இருந்த சட்டவிதி 2018இல்தான் திருத்தப்பட்டது. காணியுறுதி இன்னும் பலர் கையில் இல்லை. வாக்கு எல்லாவற்றையும் தந்துவிடாது என்பது உண்மை. வாக்கில்லாதபோது எதுவுமே மிஞ்சவில்லை என்பதும் உண்மை.

இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. தனித்து ஓர் ஆசனத்தை நாம் இங்கே நினைத்தும் பார்க்க முடியாது. எனவே எங்கள் வாக்கு எப்போதும் இன்னொருவருடைய வாக்கோடு சேர்ந்தே பலனளிக்கும். யாரோடு சேர்வது என்று தேர்தலுக்குத் தேர்தல் கடைவீதியில் பேசுகிறோம். பேசும்போது 1949ஐயும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு சமூகத்தின் பெயரை இடாப்பிலிருந்து வெட்டிய அந்தச் சட்டங்களுள் ஒன்றின் தலைப்பிலேயே எங்களவர் பலருக்கும் இடமிருந்தது.